கமாவுக்காகவா கட்டுரை திரும்பி வருகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஒரு முனைவர் பட்ட மாணவர், ஆங்கில இலக்கிய ஆய்விதழ்கள் கமாவுக்கும் புள்ளிக்கும் கட்டுரையைத் திருப்பி அனுப்புகின்றன, உள்ளே என்ன எழுதியிருக்கிறோம் என்று யாரும் பார்ப்பதே இல்லை என்று ஆதங்கப்பட்டிருந்தார். நான் திருநெல்வேலிப் பக்கம் ஓர் உதவிபெறும் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன், ஆய்வு நெறியாளர், சில ஆய்விதழ்களுக்கு மதிப்பீட்டாளராகவும் இருக்கிறேன். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றி யாராவது பேசியாக வேண்டும், அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிடும், வெட்டிப் போட்டாலும் சரி.

முதலில் ஒன்று. கமா தப்பாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு நல்ல கட்டுரையை எந்த நல்ல ஆசிரியர் குழுவும் தூக்கி எறிவதில்லை. ஆனால் மேற்கோள்களும் நூற்பட்டியலும் குழம்பிக் கிடக்கும் கட்டுரையில், எழுதியவர் அந்த நூல்களை உண்மையில் கையில் எடுத்துப் பார்த்தாரா என்ற சந்தேகம் இரண்டாம் பக்கத்திலேயே வந்துவிடும். வந்தபின் வாதத்தைப் பொறுமையாகப் படிக்க யாருக்கு மனம் வரும்? ஃபார்மேட் என்று நாம் சலித்துக்கொள்கிற சமாச்சாரம் அலங்காரத்துக்கானது அல்ல, நான் சொன்னதை நீ போய்ச் சரிபார்த்துக்கொள் என்று வாசகருக்கு வழிகாட்டுவதற்கானது. இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை, அவர்களும் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டுவிட்டு டிடிபி சென்டருக்கு ஓடுகிறார்கள்.

மேற்கோளையும் நூற்பட்டியலையும் எழுத ஆங்கிலத் துறைகளில் பெரும்பாலும் பின்பற்றுவது எம்.எல்.ஏ. முறை. சட்டமன்றத்து எம்.எல்.ஏ. இல்லை, 1883இல் அமெரிக்காவில் தொடங்கிய மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன். அவர்கள் 1951இல் ஒரு சின்ன ஸ்டைல் ஷீட், அதாவது எழுதுமுறைக் குறிப்பு, வெளியிட்டார்கள், 1977இல் அது கையேடாக வளர்ந்தது, இப்போது கையில் இருக்க வேண்டியது 2021இல் வந்த ஒன்பதாம் பதிப்பு. ஆனால் எங்களுக்கு வரும் கட்டுரைகளில் பாதிக்குமேல் இன்னும் 2009இல் வந்த ஏழாம் பதிப்பிலேயே நிற்கின்றன. எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒவ்வொரு நூலுக்கும் கடைசியில் ‘பிரின்ட்’ அல்லது ‘வெப்’ என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். 2016இல் எட்டாம் பதிப்பு வந்தபோதே அதை எடுத்துவிட்டார்கள், பதிப்பித்த ஊர்ப் பெயரையும் பொதுவாகப் போட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். இத்தனை வருடம் கழித்தும் ‘நியூ டெல்லி’யும் ‘பிரின்ட்’டும் வருகின்றன என்றால், அந்த ஸ்காலர் கையேட்டைத் திறக்கவில்லை, சீனியரின் ஆய்வேட்டைத் திறந்து வைத்து அப்படியே காப்பி அடித்திருக்கிறார், அந்தச் சீனியர் அவருக்கு முந்தைய சீனியரிடமிருந்து.

எட்டாம் பதிப்பில் வந்த மாற்றம் உண்மையில் வேலையைச் சுலபமாக்கியது. முன்பு புத்தகத்துக்கு ஒரு விதி, பத்திரிகைக்கு ஒரு விதி, இணையதளத்துக்கு இன்னொன்று என்று மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. இப்போது எதுவாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்பதுதான்: யார் எழுதியது, என்ன தலைப்பு, அது எந்த நூலுக்கோ இதழுக்கோ தளத்துக்கோ உள்ளே இருக்கிறது, வேறு யார் பங்களித்தார்கள், எந்தப் பதிப்பு, எந்த எண், யார் வெளியீடு, எப்போது, எங்கே கிடைக்கும். இருப்பதை அதே வரிசையில் எழுதிக்கொண்டு போனால் முடிந்தது, இல்லாததை விட்டுவிடலாம். இந்த ஒன்பதையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல். ஆங்கில ஆய்விதழ் என்றாலே எம்.எல்.ஏ.தான் என்று நினைத்துக்கொண்டு அனுப்பிவிடக் கூடாது. கனடாவின் கால்கரியிலிருந்து வரும் ‘ஏரியல்’ எம்.எல்.ஏ. கேட்கும். ‘ஜர்னல் ஆஃப் காமன்வெல்த் லிட்ரேச்சர்’ (இப்போது அதன் பெயர் ‘லிட்ரேச்சர், கிரிட்டீக், அண்ட் எம்பயர் டுடே’) ஹார்வர்டு முறையைக் கேட்கும், அதாவது அடைப்புக்குள் பெயரும் ஆண்டும் வர வேண்டும். இங்கிலாந்தின் ‘மாடர்ன் லாங்குவேஜ் ரிவ்யூ’வுக்கு அந்நாட்டு மாடர்ன் ஹியூமானிட்டீஸ் ரிசர்ச் அசோசியேஷனின் எம்.எச்.ஆர்.ஏ. முறை, எல்லாம் அடிக்குறிப்பில் போக வேண்டும். ஆகவே கட்டுரையை முடித்துவிட்டு இதழ் தேடுவதைவிட, முதலிலேயே இரண்டு மூன்று இதழ்களைக் குறித்துவைத்துக்கொண்டு, அவற்றின் கடைசி நான்கைந்து இதழ்களைப் புரட்டி, எவ்வளவு நீளக் கட்டுரை போடுகிறார்கள், எந்த மாதிரி வாதங்களை எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுத உட்காருவதே புத்திசாலித்தனம். எங்களுக்கு வந்த ஒன்றில், வேறோர் இதழின் ஆசிரியருக்கு எழுதிய முகப்புக் கடிதமே அப்படியே இருந்தது. அங்கிருந்து திரும்பி வந்ததைத் திறந்துகூடப் பார்க்காமல் இங்கே தட்டிவிட்டிருக்கிறார்கள்!

சரி, ஒரு கோப்பைத் திறந்தால் என்னவெல்லாம் கண்ணில் படும் என்று சொல்கிறேன். கோப்பின் பெயரே ‘ஃபைனல் ஃபைனல் கரெக்டட் 3’. முதல் பக்கத்தின் நடுவில் தலைப்பு, முழுக்கப் பெரிய எழுத்தில், தடித்து, அடிக்கோடும் போட்டு. பத்திகளுக்கு நடுவே இரண்டு மூன்று முறை என்டர் தட்டிய இடைவெளி. நூற்பட்டியலில் முதல் வரி ஓரத்திலும் மற்ற வரிகள் அரை அங்குலம் உள்ளேயும் தெரிய வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு வரியின் முடிவிலும் என்டர் அடித்து, அடுத்த வரிக்கு டேப் அடித்து வைத்திருப்பார்கள். அவர்கள் கணினியில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். எங்கள் பக்க அளவுக்கு மாற்றிய உடனே வரிகளெல்லாம் நடுவில் உடைந்து கலைந்துவிடும். இத்தனைக்கும் வேர்டில் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலையும் டி-யையும் சேர்த்து அழுத்தினால் போதும், ஹேங்கிங் இண்டென்ட் தானாக வந்துவிடும்.

தமிழ் மேற்கோள் இருந்தால் இன்னும் வேடிக்கை. தமிழ் நாவலையும் ஆங்கில நாவலையும் ஒப்பிட்டு ஒருவர் எழுதியிருந்தார், வாதம் நன்றாகவே இருந்தது. ஆனால் தமிழ்ப் பத்திகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழே இருக்காது, ஆங்கில எழுத்துகள் குப்பையாகக் கொட்டிக் கிடக்கும், மெய்யெழுத்து வரும் இடத்திலெல்லாம் ஓர் அரைப்புள்ளி நிற்கும். டெல்லியிலோ லண்டனிலோ இருக்கும் மதிப்பீட்டாளருக்கு இது என்னவென்றே புரியாது, கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மூடிவிடுவார். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள் என்று 2025க்குப் பிறகும் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதானால் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் முறையையோ வேறொரு முறையையோ ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதிலேயே நிற்க வேண்டும். ஒரே கட்டுரையில் ‘ழ’வுக்கு மூன்று விதம் கூடாது.

அப்புறம் மேற்கோள். கதையிலிருந்து எடுத்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் பக்க எண் இல்லை என்றால், கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயரைப் போடாமல் ‘மதுரை’ என்று மட்டும் அச்சடித்தது மாதிரி. எம்.எல்.ஏ. கேட்பது ரொம்பக் குறைவு: அடைப்புக்குள் ஆசிரியர் பெயர், ஓர் இடைவெளி, எண். நடுவில் கமா வேண்டாம், ‘ப.’ என்பது மாதிரி முன்னொட்டும் வேண்டாம். உரைநடை உங்கள் கட்டுரையில் நான்கு வரிக்கு மேல் போனால் தனிப் பத்தியாக அரை அங்குலம் உள்ளே தள்ளி, மேற்கோள்குறி இல்லாமல் போட வேண்டும். கவிதை என்றால் மூன்று வரிக்கு மேல். இந்தத் தனிப் பத்தியில் மட்டும் முற்றுப்புள்ளி அடைப்புக்கு முன்னால் வரும், சாதாரண வாக்கியத்தில் அடைப்புக்குப் பின்னால். இது ஏன் இப்படி என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். எனக்கும் இதில் பெரிய தத்துவம் எதுவும் தெரியவில்லை, எல்லாரும் ஒரே மாதிரி செய்தால் படிப்பவருக்குக் கண் தடுக்காது, அவ்வளவுதான். கிண்டிலில் படித்துவிட்டு அது காட்டும் லொகேஷன் எண்ணைப் போடுகிறார்கள், அது கருவிக்குக் கருவி மாறும் என்பதால் கையேடு அதை ஏற்பதில்லை, அத்தியாய எண்ணைக் கொடுத்தால் போதும். யாரோ ஸ்கேன் செய்து போட்ட பிடிஎஃப்பில் படித்துவிட்டு நூற்பட்டியலில் பெங்குவின் பதிப்பு என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மதிப்பீட்டாளர் வீட்டு அலமாரியில் அந்த பெங்குவின் இருக்கும், அவர் எடுத்துப் பார்ப்பார், பக்கம் ஒத்துப்போகாது.

இதைவிட எனக்குக் கோபம் வருவது, கட்டுரை பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் சதவீத விவகாரத்தில். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை, அதற்கு மேல் 40 வரை ஒரு நிலை, 60 வரை இன்னொன்று, அதையும் தாண்டினால் கடைசி நிலை. உரிய முறையில் ஆதாரம் காட்டிய மேற்கோள்களும் நூற்பட்டியலும் அந்தக் கணக்கில் சேராது என்று அதே விதியில் தெளிவாக இருக்கிறது. தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்கள்கூடத் தொடர்ந்து 14 சொற்கள் வரை கணக்கில் வராது. ஆனால் மென்பொருளை ஓட்டுகிறவர் மேற்கோள்களை விலக்கும் வசதியைப் போடாமல் ஓட்டுவார், 23 என்று அறிக்கை வரும், பதறிப்போன ஸ்காலர் என்ன செய்கிறார் தெரியுமா? மேற்கோள்குறிக்குள் இருக்கும் நாவலாசிரியரின் வாக்கியத்தையே மாற்றி எழுதுகிறார்! ‘ஓல்டு’ இருந்த இடத்தில் ‘ஏஜ்டு’, ‘ஹவுஸ்’ இருந்த இடத்தில் ‘ரெசிடென்ஸ்’. சதவீதம் இறங்கிவிடும். ஆனால் அந்த எழுத்தாளர் எழுதாத ஒரு வாக்கியம் அவர் பெயரில் அச்சாகிவிடும். காப்பியடிப்பதைத் தடுக்க வந்த விதி கடைசியில் பொய் மேற்கோளை உண்டாக்குகிறது. இலக்கிய ஆய்வில் மூல வாக்கியம்தான் சான்று, வேதியியல் கட்டுரைக்கு வைத்திருக்கும் அளவுகோலை அதே மாதிரி இதற்கும் வைத்தால் இப்படித்தான் ஆகும். அறிக்கையில் முதலில் தெரியும் எண்ணை மட்டும் பார்க்காமல், எந்தெந்த வரி வண்ணமாகியிருக்கிறது என்று நெறியாளர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பெயர் மறைப்பு இன்னொரு தலைவலி. எழுதியவர் யார் என்று மதிப்பீட்டாளருக்கும், மதிப்பீட்டாளர் யார் என்று எழுதியவருக்கும் தெரியக் கூடாது என்பதே முறை. முதல் பக்கத்தில் பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கோப்பின் பண்புகளில் பெயர் அப்படியே இருக்கும், வேர்டில் ‘இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்’ என்று ஒன்று இருக்கிறது, அதை ஓட்டினால் நீங்கிவிடும். அடிக்குறிப்பில் ‘என் முந்தைய கட்டுரையில் நான் காட்டியபடி’ என்று எழுதியிருப்பார்கள், நெறியாளருக்கு நன்றி சொல்லியிருப்பார்கள். ஒருமுறை நெறியாளர் ஓரத்தில் போட்ட கமென்ட்கள்கூட அழியாமல் வந்தன, ‘இந்தப் பத்தி எதற்கு?’ என்று ஓரிடத்தில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, எனக்கும் அதே சந்தேகம்தான்.

நம் ஊர்ப் பெயர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இதில் குற்றம் முழுக்க நம்முடையது அல்ல. குடும்பப் பெயரை முதலில் போடு என்கிறது எம்.எல்.ஏ. நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஏ.கே. ராமானுஜன் என்றால் ‘ராமானுஜன், ஏ.கே.’ என்று போட்டுவிடலாம், சிக்கல் இல்லை. சங்கரனின் மகள் முத்துலட்சுமி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டுக்காக முத்துலட்சுமி சங்கரன் ஆகிறார், கட்டுரை அதே பெயரில் வெளியாகிறது, உலகமெல்லாம் அவரை ‘சங்கரன்’ என்று மேற்கோள் காட்டுகிறது, ஒரு வரி எழுதாத அப்பா ஆய்வாளர் ஆகிவிடுகிறார். அடுத்த கட்டுரையில் எஸ். முத்துலட்சுமி, அதற்கடுத்ததில் திருமணமாகி வேறொன்று. மூன்றும் ஒரே ஆள் என்று எந்தத் தேடுபொறிக்கும் தெரியாது. முதல் கட்டுரை அனுப்பும் முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்துகொண்டு, ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்கிட் தளத்தில் பதினாறு இலக்க எண் ஒன்றை வாங்கிவிடுங்கள். காசு கிடையாது, சில நிமிட வேலை.

இனி கடைகளுக்கு வருகிறேன். பல்கலைக்கழக வாசல்களில் ‘இங்கே ஆய்வுக் கட்டுரை ஃபார்மேட் செய்து, பிரசுரித்தும் தரப்படும்’ என்று பலகையே தொங்குகிறது. ‘மூன்று நாளில் பிரசுரம், சான்றிதழ் உண்டு’ என்று வாட்ஸ்அப்பில் தினமும் வருகிறது. உண்மையான மதிப்பீடு மூன்று நாளில் நடக்காது, மாதக்கணக்கில் ஆகும். ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே சார் என்பார்கள். அது ஒரு தொடர் வெளியீட்டின் அடையாள எண், தரத்துக்கு முத்திரை அல்ல, யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்து வாங்கலாம். நம் துறையின் பெயர்பெற்ற இதழ்கள் பலவும் எழுதுகிறவரிடம் பணமே கேட்பதில்லை. இந்த வியாபாரம் வளர்ந்ததில் விதிகளுக்கும் பங்கு உண்டு. யுஜிசியின் 2016ஆம் ஆண்டு விதி, முனைவர் பட்ட ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்றது. 2018 மே மாதம் யுஜிசி தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரேயடியாக நீக்கியது. அப்புறம் ‘கேர்’ என்ற புதிய அங்கீகாரப் பட்டியல் வந்தது, அதிலிருந்த இதழ்களின் பெயரிலேயே போலி இணையதளங்களும் வந்தன. 2022 நவம்பரில் வந்த புதிய விதியில் அந்தக் கட்டாயம் இல்லை, 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலையும் கைவிட்டு, எது நல்ல இதழ் என்று நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியாக இன்னும் கட்டுரை கேட்கின்றன, ஆகவே கடைகளுக்குக் கூட்டம் குறையவில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. இல்லாத நூல்கள்! உண்மையான விமர்சகர் பெயர், உண்மையான இதழின் பெயர், நம்பும்படியான தலைப்பு, பக்க எண்கூட இருக்கும், தேடிப்போனால் அப்படி ஒரு கட்டுரையே பிறந்திருக்காது. புள்ளி, கமா எல்லாம் அச்சுப் பிசகாமல் இருப்பதுதான் கொடுமை. பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றையும் நூலகத்திலோ, கட்டுரைக்கு இணையத்தில் தரப்படும் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணைச் சொடுக்கியோ நேரில் பாருங்கள். பார்க்க முடியாததை எடுத்துவிடுங்கள்.

முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு நெறிமுறை என்று 2 கிரெடிட், 30 மணிநேரப் பாடம் ஒன்றை யுஜிசி 2019இலேயே கொண்டுவந்துவிட்டது. நல்ல விஷயம்தான், ஆனால் எல்லாத் துறைக்கும் பொதுவான பாடம் அது. இம்பாக்ட் ஃபேக்டர், ஹெச்-இண்டெக்ஸ் என்று எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துக் கணக்கிடும் அளவுகோல்கள் போன்ற, ஆங்கிலத் துறைக்கு அவ்வளவாகப் பொருந்தாதவையும் அதில் உண்டு, ஒரு கட்டுரையை எடுத்து வரி வரியாகச் செப்பனிடும் பயிற்சி இல்லை. ஆங்கிலத் துறைகள் இதற்கு நான்கு பிற்பகல்கள் ஒதுக்கினால் போதும். மாணவர்கள் தங்கள் மடிக்கணினியிலேயே உட்கார்ந்து, பக்கத்துக்கு ஓர் அங்குல ஓரம், இரட்டை வரி இடைவெளி, மேற்கோள், நூற்பட்டியல் என்று ஒரு முழுக் கட்டுரையைத் தாங்களே செய்து முடிக்கட்டும். நெறியாளர்களும் ‘கடையில் கொடுத்து ரெடி பண்ணிவிடு’ என்று சொல்வதை நிறுத்த வேண்டும்.

ஆய்விதழ் நடத்துகிறவர்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது, அந்த மாணவர் பக்கம் நியாயம் என்று முதலில் சொன்னேனே, அது இதுதான். ‘எம்.எல்.ஏ. முறையைப் பின்பற்றவும்’ என்று ஒற்றை வரியைப் போட்டுவிட்டு, எந்தப் பதிப்பு என்றுகூடச் சொல்லாமல், ஆறு மாதம் கழித்து ‘முறைப்படி இல்லை’ என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பினால் அவர் எதைக் கற்றுக்கொள்வார்? உங்கள் இதழில் வந்த ஒரு கட்டுரையையே மாதிரியாக வைத்து ஒரு பக்க ஸ்டைல் ஷீட் போடுங்கள், திருப்பி அனுப்பும்போது எங்கே பிசகியது என்று மூன்று வரியாவது எழுதுங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் கல்விப் பக்கத்தில் நுழைவுத் தேர்வுக்கு இவ்வளவு இடம் தருகிறீர்கள், ஆய்வு மாணவர்களுக்கும் மாதம் ஒருமுறை கால் பக்கம் ஒதுக்கலாமே. அதுவரை, கடிதம் எழுதிய மாணவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும்: எம்.எல்.ஏ. ஸ்டைல் சென்டர், அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் எழுத்துப் பயிற்சிக்காக நடத்தும் அவுல் ஆகிய இரண்டு தளங்களிலும் மாதிரிக் கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கையேட்டின் ஒன்பதாம் பதிப்பு உங்கள் கல்லூரி நூலகத்தில் இல்லை என்றால் நூலகரிடம் எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டால் வாங்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கிலப் பேராசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்.